நாலு மூலைக்கும் வெண்ணெய்

என் அக்கா வீட்டுக்காரர் ஒரு துண்டு ரொட்டிக்கு வெண்ணெய் தடவி முடிப்பதற்குள் நான் ஒரு கதவுக்கு முதல் கோட் பெயிண்ட் அடித்துவிடுவேன். கதை விடவில்லை. ஒருநாள் அவர் வீட்டுக் குளியலறைக் கதவை அடித்தே காட்டியிருக்கிறேன். அடித்து, பிரஷ்ஷை அலசி, கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்து பார்த்தால் மனுஷன் இன்னும் மூன்றாவது மூலையில் நிற்கிறார். "நாலாவது மூலைக்கு எப்ப அத்தான் பயணம்?" என்று கேட்டேன்.

"அவசரக்காரனுக்குப் பெயிண்டுதான் லாயக்கு மாப்ள. வெண்ணெய்க்குப் பொறுமை வேணும்" என்றார், தலையைக்கூட நிமிர்த்தாமல்.

அவர் பூச்சு மேஸ்திரி. செங்கல் சுவர் எழும்பியதும் அதன்மேல் சிமெண்டுக் கலவையை அடித்து, மட்டப்பலகை வைத்து இழுத்து, தேய்த்து வழவழப்பாக்குவது அவர் தொழில். அதன்மேல் பெயிண்ட் அடிப்பது என் தொழில். ஆகவே அவர் விட்டுப்போன குழியும் மேடும் முதலில் கண்ணில் படுவது எனக்குத்தான். அவற்றைப் பட்டி வைத்து மூடி மறைத்துவிட்டு, "அத்தான் சுவர்னா கண்ணாடி மாதிரி" என்று வீட்டுக்காரர்களிடம் பல்லைக் காட்டுவதும் நான்தான். அக்காவுக்காகச் செய்கிறேன். அவருக்காக என்றால் குழியைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டுவிட்டு வந்திருப்பேன்.

வேலைக்காரர்கள் மத்தியில் அவருக்கு வெண்ணெய் மேஸ்திரி என்று பெயர். அது பட்டம் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

காரணம் இதுதான். தினமும் சாயங்காலம், வேலை முடிந்து, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, துவைத்த சட்டை மாட்டிக்கொண்டு, ஜன்னல் பக்கத்து மேசையில் உட்காருவார். மேசையில் ஒரு தட்டு, பேக்கரி ரொட்டி, ஒரு பீங்கான் கிண்ணத்தில் வெண்ணெய், நுனி மழுங்கிய ஒரு கத்தி. அந்தக் கத்தியை வீட்டில் வேறு யாரும் தொடக்கூடாது. ஒருமுறை அக்கா அதை வைத்து ஒரு டப்பா மூடியை நெம்பிவிட்டாள். அதற்கு அவர் போட்ட கூச்சலில் கீழ்வீட்டுக்காரர் மாடியேறி வந்து, "யாருக்காவது ஏதாவது ஆயிடுச்சா?" என்று விசாரித்தார்.

வெண்ணெய் குளிர்ந்திருந்தால் கிழிக்கும், இளகியிருந்தால் ஊறிவிடும். விரல் வைத்தால் குழி விழ வேண்டும், விரலில் ஒட்டக்கூடாது. அந்தப் பதம் வரும்வரை கிண்ணத்தை வெயில் விழும் இடத்துக்கும் நிழலுக்குமாக நகர்த்திக்கொண்டே இருப்பார். பிறகு நடுவில் ஒரு கட்டி வைத்து, அரைவட்டம் அரைவட்டமாக வெளியே தள்ளிக்கொண்டு போவார், சுவரில் கட்டையைத் தேய்ப்பது போலவே. ஓரம்வரை போக வேண்டும், ஓரத்தைத் தாண்டி வழியக்கூடாது. நாலு மூலையும் நிறைய வேண்டும். முடிந்ததும் தட்டைக் கண் மட்டத்துக்குத் தூக்கி, வெளிச்சத்துக்குச் சாய்த்து, ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். சுவரை இப்படி ஒருநாள் பார்த்திருந்தால் எனக்குப் பட்டிச் செலவு மிச்சமாகியிருக்கும்.

ஆனால் ஒன்று, பொய் சொல்ல எனக்கு வராது. அவர் சாப்பிடும்போது பார்த்தால் யாருக்கும் பசிக்கும். முதல் கடியில் ஓரத்தின் முறுகல் நொறுங்கும் சத்தம் நமக்குக் கேட்கும். கண் பாதி மூடிக்கொள்ளும். வெண்ணெயில் பல் பதிந்த தடத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, ஏதோ கேட்டுக்கொள்கிறவர் போல மெல்லத் தலையாட்டி மெல்லுவார். நாள் முழுக்கச் சாரத்தில் நின்று கத்திக் கத்திக் கடுகடுத்த முகம் அந்தக் கொஞ்ச நேரத்துக்குச் சாதுவாகிவிடும். உப்பு லேசாக நாக்கில் பட்டதும் ஒரு 'ம்' வரும். அந்த 'ம்'மைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உலகத்தில் ரொட்டி சாப்பிடத் தெரிந்த ஒரே ஆள் தான்தான் என்று அறிவிக்கிற 'ம்' அது.

அவர் கணக்கில் மற்றவர்கள் எல்லாரும் மூன்று ஜாதி. டீயில் தோய்க்கிறவன், ஓரத்தைப் பிய்த்துப் போடுகிறவன், இரண்டாக மடித்து முழுங்குகிறவன். மூவரையும் அவர் மனுஷனாகவே மதிப்பதில்லை. நான் மடிக்கிற ஜாதி. "சுவத்த மடிச்சுக் கட்டுவாங்களா மாப்ள?" என்பார். சுவரைச் சாப்பிடவும்தான் மாட்டார்கள் என்று சொல்ல வாய் துறுதுறுக்கும். அக்கா முகத்தைப் பார்த்து அடங்கிவிடுவேன்.

இந்த ஞானம் அவருக்கு எங்கே கிடைத்தது என்று நீங்கள் கேட்க வேண்டாம். கேட்காமலே சொல்வார். கல்யாணத்துக்கு முன்னால், வேலை பழகின புதிதில், ஒரு பேக்கரியின் சூளை அறைக்குச் சுவர் பூசப் போனாராம். அதுவரை ரொட்டி என்றால் காய்ந்த துண்டு, டீயில் நனைத்தால்தான் தொண்டையில் இறங்கும் என்று நினைத்திருந்தவர். அந்தப் பேக்கரிக்காரம்மா சூளையிலிருந்து வந்த ரொட்டியை அப்படியே கொடுத்தார்களாம்.

"கொதிக்கக் கொதிக்க, கையாலயே பிச்சு, ஒரு கட்டி வெண்ணெய உள்ள வச்சு, கட்டவிரலால ஒரு அமுக்கு. 'இந்தா, சாப்பிடு'ன்னாங்க. அன்னைக்குத்தான் மாப்ள எனக்கு வாய்னு ஒன்னு இருக்கறதே தெரிஞ்சுது" என்பார். சொல்லும்போது ஒவ்வொரு முறையும் கண் கலங்கும். அந்த ஒரு இடத்தில் மட்டும் எனக்கு அவர்மேல் ஒரு இது வரும். அடுத்த நிமிடமே கத்தியை எடுத்து யாருக்காவது பாடம் நடத்த ஆரம்பித்துக் கெடுத்துக்கொள்வார்.

தடவத் தெரிந்தவனுக்குப் பூசத் தெரியும் என்பது அவர் கண்டுபிடிப்பு. இதைத் தொழிலிலேயே கொண்டுவந்துவிட்டார். புதிதாக ஒரு ஆள் வேலை கேட்டு வந்தால், கரணையைக் கொடுத்துச் சுவரில் பூசச் சொல்வார் என்றுதானே நினைப்பீர்கள்? அதுதான் இல்லை. மதிய வேளையில் கூப்பிட்டு உட்காரவைத்து, ஒரு துண்டு ரொட்டியும் வெண்ணெயும் கொடுத்து, "தடவு தம்பி" என்பார். வந்தவன் வயிற்றுப் பசியில் அப்பிக்கொண்டு விழுங்கினால் வெளியே. மூலையை விட்டால் வெளியே. கைத்தொழிலே உயிராக இருந்த ஒரு நல்ல ஆளை, ரொட்டியைச் சுருட்டிச் சாப்பிட்டான் என்று துரத்திவிட்டார். அவன் இன்றைக்கு எதிர்க் கூட்டத்தில் பெரிய மேஸ்திரி. நாலு மூலைக்கும் வெண்ணெய் எட்டச்செய்த இன்னொருவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். அவன் பூசின மாடிப்படிச் சுவர், வீட்டுக்காரர்கள் குடிவருவதற்கு முன்னாலேயே பொத்துப் பொத்தென்று உதிர்ந்தது. உதிர்ந்ததைக் காலால் ஓரம் தள்ளிவிட்டு அத்தான் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"அவன் வெண்ணெய் நல்லாத்தான் தடவினான். சிமெண்டுதான் சரியில்ல."

சரி, தொழிலில் என்ன கூத்தடித்தாலும் அவர் பாடு. இதே கத்தியையும் கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு பெற்ற மகளின் வாழ்க்கைக்குள் போனார் பாருங்கள், அங்கேதான் எனக்கு ஆத்திரம்.

அவருக்கு ஒரே மகள். கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களுக்குப் பவர் சரிபார்த்து, மூக்குக்கும் காதுக்கும் பொருந்துகிற மாதிரி பிரேமை வளைத்துக் கொடுப்பாள். எத்தனை கிறுக்கு முகம் வந்தாலும் அலுத்துக்கொள்ளாமல் பொருத்திவிடுகிற பொறுமைசாலி. அவளுக்கு ஒரு பள்ளிக்கூட வாத்தியாரைப் பிடித்திருந்தது. வீட்டுக்குக் கூட்டி வந்தாள். அத்தான் தட்டை நகர்த்தினார். அந்த அப்பாவி, ரொட்டியின் ஓரத்தை அழகாகப் பிய்த்துத் தட்டில் ஒதுக்கி வைத்துவிட்டு நடுவை மட்டும் சாப்பிட்டான்.

அத்தான் ஒன்றும் திட்டவில்லை. சிரித்தார். அவன் போனபிறகு சிரித்தார், ராத்திரிச் சாப்பாட்டில் சிரித்தார், அடுத்த நாள் சாரத்தில் நின்று என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "சுத்துச்சுவரே இல்லாம நடுக்கூடம் மட்டும் கட்டுற ஆளு மாப்ள!" திட்டியிருந்தால் அவள் சண்டை போட்டிருப்பாள். சிரிப்போடு யார் சண்டை போடுவது? அதற்கப்புறம் அந்த வாத்தியார் எதிரில் உட்கார்ந்தாலே அவளுக்கு அப்பாவின் சிரிப்புதான் காதில் கேட்டதாம். தானாகவே விலகிவிட்டாள்.

கொஞ்ச வருஷம் கழித்து இன்னொருவன். மருந்துக் கடைக்காரன், நல்ல பையன். டீயில் தோய்த்துவிட்டான். தோய்த்தது மட்டுமா, துண்டு ஊறி அறுந்து கோப்பைக்குள் விழ, விரலைவிட்டு எடுத்தான். "மழையில நின்ன சுவரு!" என்று அத்தான் அவன் முன்னாலேயே தொடையில் தட்டிச் சிரித்தார். அவன் காது சிவந்து எழுந்து போனவன் திரும்பவே இல்லை. அன்றைக்கு அவள் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். நான் அடித்த கதவுதான், உள்ளே நடப்பது நன்றாகவே கேட்டது. அத்தான் கூடத்தில் உட்கார்ந்து, "ம்" என்றார், வாயில் ரொட்டியோடு.

மூன்றாவதாக வந்தவன் லிப்ட் மெக்கானிக். அவள் கடை இருக்கும் கட்டடத்தில் ஒருநாள் மதியம் லிப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே இவள் மட்டும். அவன் வந்து கதவை நெம்பித் திறந்து, கையைப் பிடித்து இழுத்து வெளியே கொண்டுவந்திருக்கிறான். அவளுக்குப் பயம் தெளியவில்லை. படிக்கட்டில் உட்காரவைத்து, தன் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து, தன் பங்கில் பாதியைக் கொடுத்திருக்கிறான். அதிலிருந்து ஆரம்பித்தது. அன்றைக்கு அவன் என்ன கொடுத்தான் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அவள் என் பெயிண்ட் கிடங்குக்கே தேடி வந்தாள். டப்பாமேல் உட்கார்ந்து, துப்பட்டா நுனியைத் திருகிக்கொண்டே சொன்னாள்.

"மாமா, இந்தத் தடவையும் அப்பா சிரிச்சார்னா நான் தாங்கமாட்டேன். எனக்கு இவர் வேணும். அந்தச் சிரிப்பு இவர் மேல ஒட்டாம வேணும். அவ்வளவுதான்."

"உங்கப்பன் சிரிச்சா சிரிச்சிட்டுப் போறார். நீ உன் பாட்டுக்குக் கல்யாணம் பண்ணிக்கோ."

"உங்களுக்குத் தெரியாது மாமா. அவர் சிரிச்சிட்டார்னா அது போகாது. ஒட்டிக்கும்."

அது உண்மைதான். என்னை அவர் 'மடிப்பு மாப்ள' என்று சொல்ல ஆரம்பித்ததிலிருந்து, தனியாக இருக்கும்போதுகூட ரொட்டியை மடிக்கக் கூச்சமாக இருக்கிறது. ஐம்பது வயது ஆம்பிளைக்கே இந்தக் கதி. "அவன என்கிட்ட அனுப்பு. தடவக் கத்துக்குடுத்து அனுப்பறேன். உங்கப்பன் வாயடைச்சுப் போகணும்" என்றேன்.

வந்தான். நல்ல வாட்டசாட்டம். விரல் ஒவ்வொன்றும் கட்டை கட்டையாக, நகக்கண்ணில் கிரீஸ். வருடக்கணக்கில் இரும்புக் கயிற்றை இழுத்த கை. கத்தியைப் பிடித்தால் ஸ்பானர் பிடிக்கிற மாதிரி பிடித்தான். முதல் துண்டு நடுவில் ஓட்டையாகிவிட்டது. இரண்டாவது, கத்தியோடு சேர்ந்து மேலே வந்துவிட்டது.

"தம்பி, நீ தடவறியா, தோண்டறியா?"

"அண்ணா, நான் எப்பவும் பிச்சுதாண்ணா சாப்பிடுவேன். இப்படியெல்லாம் எதுக்குண்ணா?"

"எதுக்கா? உனக்கு அவ வேணுமா வேணாமா?"

அவன் அடுத்த துண்டை எடுத்தான். நான் பழைய பலகை ஒன்றை எடுத்து, பிரஷ் பிடிக்கிற மாதிரி கத்தியைப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தேன். மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. பாதியில் நிற்கக்கூடாது. இழுப்பு முடியும் இடத்தில் லேசாகத் தூக்கிவிட வேண்டும். அடுத்த இழுப்பு முந்தினதன்மேல் கொஞ்சம் ஏற வேண்டும். அவனும் விடவில்லை. வேலை முடிந்து தினமும் வந்து, தெருநாய்களெல்லாம் கிடங்கு வாசலில் குடியேறுகிற அளவுக்கு ரொட்டியைப் பாழாக்கி, ஒருவழியாகக் கற்றுக்கொண்டான். கடைசியாக அவன் தடவிக் கொடுத்த துண்டைப் பார்த்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. ஓரம்வரை போயிருந்தது, மூலை நாலும் நிறைந்திருந்தது, எங்கும் திட்டு இல்லை. அத்தானை மண்ணைக் கவ்வவைக்கப் போகிறோம் என்று அன்று இரவு சந்தோஷமாகத் தூங்கினேன்.

விடுமுறை நாள் சாயங்காலம் அக்கா வீட்டில் கூடினோம். அவன் வெள்ளைச் சட்டை போட்டு, நகத்தையெல்லாம் தேய்த்து வந்திருந்தான். அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். அக்கா சமையலறை வாசலில், உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல் நின்றாள். அத்தான் கிண்ணத்தை வெயிலுக்கும் நிழலுக்கும் நகர்த்திப் பதம் பார்த்து வைத்திருந்தார். பெண்ணைப் பற்றி ஒரு பேச்சில்லை. அவன் வேலை, குடும்பம், எங்கே குடியிருக்கிறான், ஒன்றும் கேட்கவில்லை. தட்டை நகர்த்தினார்.

"தடவுங்க தம்பி."

அவன் என்னைப் பார்த்தான். நான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன். தடவினான். ஒரே சீர். முடித்து, தட்டை மரியாதையாக அவர் பக்கம் தள்ளினான். அத்தான் முகத்தில் ஒரு நிமிடம் ஆச்சரியம் தெரிந்தது. நான் மனதுக்குள் கொட்டு அடித்தேன்.

அப்புறம் தட்டைக் கண் மட்டத்துக்குத் தூக்கினார். ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்தார். ஒரு கண்ணை மூடினார்.

"இது யாரு கை?" என்றார்.

"நான்தான் சார், இப்ப உங்க முன்னாலதானே…"

"கோடு பாருங்க. மேலேர்ந்து கீழ, மேலேர்ந்து கீழ. ஒவ்வொரு கோடும் முடியற எடத்துல ஒரு தூக்கு. இது பூச்சு இல்ல தம்பி, பெயிண்டு!" தட்டை மேசையில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "மாப்ள! ரொட்டிக்கு ரெண்டாவது கோட் எப்ப?"

அந்த முட்டாள்தனத்துக்கு நான்தான் பொறுப்பு. தெரிந்ததைத்தானே சொல்லிக்கொடுக்க முடியும்? வாழ்நாள் முழுக்கப் பிரஷ் பிடித்தவன், வெண்ணெயையும் பிரஷ் கையாலேயே இழுக்கவைத்துவிட்டேன். எல்லாச் சுவரிலும் கோட்டைவிடுகிற மனுஷனுக்கு இந்த ஒரு ரொட்டித் துண்டில் மட்டும் கண் தெரிந்துவிட்டது.

சிரிக்க ஆரம்பித்தார். வாயைத் திறந்து, தோள் குலுங்க, மேசையைத் தட்டித் தட்டி. வெண்ணெய்க் கிண்ணம் அதிர்ந்தது. லிப்ட்காரன் தலை குனிந்துவிட்டான். அவன் கழுத்து சிவப்பதைப் பார்த்தேன். மருந்துக் கடைக்காரன் காது சிவந்த அதே நிறம். போச்சு என்று நினைத்தேன்.

"ஆமாப்பா. அவருக்குத் தடவ வராது" என்றாள் மகள்.

சத்தமாகச் சொல்லவில்லை. கடையில் வந்தவரிடம் 'இந்தப் பிரேம் உங்களுக்குச் சேராது' என்று சொல்வாளே, அந்தக் குரல்.

"வராதுன்னு சொல்லிட்டுப் போறது. எதுக்கு இந்த நாடகம்?" அவர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் வராது. அது தெரியுமா உங்களுக்கு?"

"உனக்கு வெண்ணெயே பிடிக்காதே."

"யார் சொன்னா?"

அவருக்குச் சிரிப்பு பாதியில் நின்றது. "யார் சொல்லணும்? நீதான் சாப்பிடறதே இல்லையே. உங்கம்மாவும்தான். இந்த வீட்ல ருசி தெரிஞ்சது நான் ஒருத்தன்."

"சின்ன வயசுல ஒருநாள் ஆசையா எடுத்துத் தடவினேன். மூலைய விட்டுட்டேன்னு ஸ்கூல் விட்டு வந்த என் ஃப்ரெண்ட்ஸ் முன்னால தட்டத் தூக்கிக் காட்டிச் சிரிச்சீங்க. அதுக்கப்புறம் இந்த மேசைல நான் ரொட்டி தொட்டதில்லப்பா. நீங்க கவனிச்சதே இல்ல."

அத்தான் சமையலறை வாசலைப் பார்த்தார். சாட்சிக்கு அக்காவைக் கூப்பிடுகிற பார்வை. அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"எனக்கும் பிடிக்குங்க. நீங்க வேலைக்குப் போனப்புறம் என்னைக்காவது ஒரு துண்டு. நின்னுக்கிட்டே."

நான் அந்த வீட்டுக்கு எத்தனையோ வருஷமாகப் போய்வருகிறேன். அந்த மேசையில் எப்போதும் ஒரே ஒரு தட்டுதான் இருந்திருக்கிறது. அது எனக்கும் அன்றைக்குத்தான் உறைத்தது. ரொட்டி சாப்பிடத் தெரியாதவர்கள் என்று ஊரையே ஏசிக்கொண்டிருந்த மனுஷன், தன் வீட்டில் ஒருவரையும் சாப்பிட விட்டதில்லை.

மகள் லிப்ட்காரன் பக்கம் திரும்பினாள். "அன்னைக்குப் படிக்கட்டுல குடுத்தீங்களே, அதே மாதிரி குடுங்க."

"இங்கயா? வேணாம்…"

"குடுங்கன்னா."

அவன் தயங்கித் தயங்கி ரொட்டியை எடுத்தான். கையால் பிய்த்தான். கிண்ணத்திலிருந்து ஒரு கட்டி வெண்ணெயை எடுத்து உள்ளே வைத்து, கட்டைவிரலால் ஒரு அமுக்கு அமுக்கி நீட்டினான். வெண்ணெய் பக்கவாட்டில் பிதுங்கிற்று. அவள் வாங்கிக் கடித்தாள். மூக்கு நுனியில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். என் கண்ணால் பார்த்தேன், அப்பன் முகமேதான். அதே சாந்தம், அதே தலையாட்டல். 'ம்' மட்டும் இல்லை.

"அந்தப் பேக்கரிக்காரம்மா மட்டும் கத்தியா வச்சிருந்தாங்கப்பா?" என்று கேட்டாள், வாயில் ரொட்டியோடு.

அத்தான் தன் கத்தியைப் பார்த்தார். அந்தக் கதையை அவர் சொல்லி நாங்கள் கேட்காத நாளில்லை. கையால் பிய்த்ததும் கட்டைவிரலால் அமுக்கினதும் ஒவ்வொரு முறையும் அவர் வாயிலிருந்தே வந்ததுதான். சொன்னவர் காதில் மட்டும் அது விழவில்லை.

லிப்ட்காரன் அடுத்த துண்டைப் பிய்த்து அக்காவிடம் நீட்டினான். அக்கா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அந்த மேசையில் அவள் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்கும் ஒன்று வந்தது. நான் மடித்தேன், கூச்சமே படாமல். அவன் தனக்கு ஒன்று அமுக்கிக்கொண்டு, வாய் நிறைய வைத்துக்கொண்டு, லிப்டில் அவள் மாட்டிக்கொண்டு கத்தின கத்தலை நடித்துக் காட்டினான். அவள் அவன் தோளில் அடித்தாள். அக்கா சிரித்ததில் ரொட்டித் தூள் மேசையெல்லாம் தெறித்தது. கல்யாணம் எப்போது, எங்கே என்று பேச்சு அதுபாட்டுக்கு ஓட ஆரம்பித்தது. யாரும் அத்தானின் சம்மதத்தைக் கேட்கவில்லை. வேண்டுமென்று விட்டதல்ல, யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

அவர் கத்தியை எடுத்தார். கிண்ணத்தில் மிச்சமிருந்த வெண்ணெயில் ஒரு கட்டி எடுத்து, ஒரு துண்டு ரொட்டியின் நடுவில் வைத்து, அரைவட்டம் அரைவட்டமாகத் தடவ ஆரம்பித்தார். வழக்கத்தைவிட மெதுவாகத் தடவினார். எங்கள் பேச்சு நடந்துகொண்டே இருந்தது. முடித்ததும் இந்த முறை தட்டை வெளிச்சத்துக்குத் தூக்கவில்லை. அப்படியே மகள் பக்கம் நகர்த்தினார். எனக்குத் தெரிந்து அந்தக் கத்தியால் அவர் இன்னொருவருக்குத் தடவினது அதுதான் முதல்.

"சாப்பிடும்மா" என்றார்.

அவள் தட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். முகத்தில் கோபம் துளியும் இல்லை. இருந்திருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"வேணாம்ப்பா, வயிறு ரொம்பிடுச்சு" என்றாள், ரொம்பவும் பிரியமாக.

அவர் அக்கா பக்கம் பார்த்தார். அக்கா மடியில் விழுந்த தூளைத் தட்டிக்கொண்டிருந்தாள். என் பக்கம் பார்த்தார். வாழ்க்கையில் முதல்தடவையாக, அவரைக் கிண்டல் செய்ய என் வாயில் ஒரு வார்த்தையும் வரவில்லை.

நாங்கள் எழுந்து வாசல்வரை போய் லிப்ட்காரனை வழியனுப்பிவிட்டுத் திரும்பி வந்தபோதும் அவர் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார். துண்டு தட்டிலேயே இருந்தது. நாலு மூலைக்கும் வெண்ணெய் போயிருந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை.